உன் கையில், என் கையில்

எவரிஸ்தோ அத்தான் எந்தப் பொருளையும் சும்மா நீட்டிவிட்டுப் போக மாட்டார். காபிக் கோப்பை ஆனாலும் சரி, வீட்டுச் சாவி ஆனாலும் சரி, நீட்டும்போது "உன் கையில" என்பார். வாங்குகிறவர் "என் கையில" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை அவர் விரல்கள் விடாது. சூடான கோப்பையை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நிற்போம். சுடுகிறது என்று நாம் முகம் சுளித்தாலும் அவர் நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

நொயெமி அக்காவைப் பெண் கேட்டு அவர் த்லாஸ்காலாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே இது நடந்தது. பெரிய கேக் பெட்டியை அம்மாவிடம் நீட்டி, "உங்க கையில" என்றார். அம்மா "எதுக்குப்பா இதெல்லாம்" என்று வாங்கப் போனாள். அவர் விடவில்லை. அம்மா கொஞ்சம் இழுத்தாள். அவரும் பிடித்துக்கொண்டார். அக்கா ஓடி வந்து "என் கையில, என் கையில" என்று சொல்லி வாங்கி மேசையில் வைத்தாள்.

அவர் போனதும் அம்மா கேட்டாள். "குடுக்க மனசில்லாதவன் எதுக்குடி வாங்கிட்டு வரணும்? கஞ்சப்பயலா இருப்பானோ?"

"ஐயோ அம்மா, அது பைலட் பழக்கம்."

"பைலட்டுன்னா கேக்கைப் பிடுங்கிக்கிட்டுப் போவானா?"

அக்கா அவர் ஓட்டிய அதே கம்பெனி விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்தவள். அவளுக்கு எல்லாம் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் ஆறாவதோடு பள்ளியை விட்டவள். அக்கா மகள் ரெனாட்டா பிறந்தபோது அவளுக்கு ஒத்தாசையாக இருக்க மெக்சிகோ நகரத்துக்கு வந்தேன். பால்புவேனாவில், விமான நிலைய ஓடுபாதைக்குப் பக்கத்துத் தெருவில் அவர்கள் வீடு. வந்தவள் அங்கேயே தங்கிவிட்டேன். வந்த புதிதில் அத்தானிடம் அந்தப் பழக்கத்தைப் பற்றிக் கேட்டேன். அவரிடம் நானாக வாய்திறந்து கேட்டவை குறைவு. இது ஒன்று.

"விமானத்தில நாங்க ரெண்டு பேர் உக்காந்திருப்போம், தூலி. விமானத்தைத் திருப்பற பிடி ரெண்டு பேர் முன்னாடியும் இருக்கும். ரெண்டு பேரும் பிடிச்சிருந்தாக்கூடப் பெரிய ஆபத்தில்ல. 'அவன் பிடிச்சிருக்கான்'னு இவனும், 'இவன் பிடிச்சிருக்கான்'னு அவனும் நினைச்சுக் கையை எடுத்துட்டா, அதுதான் ஆபத்து. அதனால வாயால சொல்லணும். பதில் காதுல விழணும். விழுந்த பிறகுதான் விடணும்."

ரெனாட்டா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் தாதியிடமிருந்து குழந்தையை வாங்கும்போதும் "என் கையில" என்று சத்தமாகச் சொன்னாராம். தாதி சிரித்தாளாம். "தெரியுது சார், எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அந்தக் குழந்தை பேச ஆரம்பித்ததும் 'அப்பா', 'அம்மா'வுக்கு அடுத்து வந்தது 'என் கையில'தான். பொம்மையைக் கொடுத்தால் சொல்லும். ரொட்டியைக் கொடுத்தால் சொல்லும். ஜுரத்துக்கு மருந்து கொடுத்தால்கூடச் சொல்லிவிட்டுத் துப்பும்.

ரெனாட்டா முதல் வகுப்புக்குப் போக வேண்டிய வருஷம் கம்பெனி மூடிக்கொண்டது. ஆகஸ்ட் மாதம். அதற்கு முன்பே பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது என்றாலும் யாரும் நம்பவில்லை. அத்தனை பெரிய கம்பெனி ஒரே ராத்திரியில் நின்றுபோகும் என்று யார் நம்புவார்கள். விமானங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றன. நாள் போகப்போக அவற்றின் கண்ணாடிமேல் தூசி படிந்தது. அத்தான் தினம் காலையில் ரொட்டி வாங்கப் போகிற சாக்கில் வேலியோரம் போய் நின்றுவிட்டு வருவார். ரொட்டி ஆறியிருக்கும்.

மற்ற கம்பெனிகளில் வேலை இருந்தது. ஆனால் எங்கே சேர்ந்தாலும் வரிசையின் கடைசியில் துணை பைலட்டாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். தான் பழக்கிவிட்டவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தை ஏற்றி இறக்குவதற்கும் அத்தான் தயாராகத்தான் இருந்தார். நாற்பத்தெட்டு வயது என்றதும் அதற்குக்கூடக் கூப்பிடவில்லை.

அவருடைய சிநேகிதர் அன்செல்மோ, ரெனாட்டாவுக்கு ஞானத்தகப்பன். அவர் பைலட் வேலையே வேண்டாமென்று டாக்ஸி ஓட்டப் போனார். வண்டியில் ஏறுகிறவர்களிடம் "கேப்டன் பேசுகிறேன், இருக்கை வாரை மாட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்வாராம். சிலர் சிரிப்பார்களாம். சிலர் இறங்கிக்கொள்வார்களாம்.

அத்தானுக்குச் சீனாவிலிருந்து வேலை வந்தது.

"ஒரு வருஷம்தான்" என்றார் அக்காவிடம். "இங்க கம்பெனியைத் திரும்பத் திறப்பாங்கன்னு பைலட் சங்கத்தில பேசிக்கிறாங்க. திறந்ததும் வந்துடுவேன்."

"நாங்களும் வரோம்" என்றாள் அக்கா.

"ஒரு வருஷத்துக்குப் போய் ரெனாட்டாவைப் பள்ளிக்கூடம் மாத்தணுமா?"

கம்பெனி திறக்கவில்லை. ஒரு வருஷம் என்பதை அவர் ஒவ்வொரு வருஷமும் சொன்னார். அக்கா முதலில் அழுதாள், பிறகு சண்டை போட்டாள், பிறகு ஒரு பெரிய கடையில் வாசனைத் திரவியம் விற்கும் வேலைக்குப் போனாள். விமானத்தில் சிரித்த அதே சிரிப்பைத்தான் அங்கேயும் சிரிக்கிறேன், நகராத இடத்தில் நின்றுகொண்டு சிரிக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்பாள்.

கிளம்பும் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று அத்தான் வீட்டுச் சாவியை நீட்டுவார். "உன் கையில." அக்கா "என் கையில" என்பாள். முதல் வருஷங்களில் அதைச் சொல்லிவிட்டு அவரைக் கட்டிக்கொள்வாள். பிறகு சொல்வதோடு நிறுத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பெட்டி நிறைய ஓட்டல் செருப்புகள் இருக்கும். அறைகளில் சும்மா வைக்கும் வெள்ளைத் துணிச் செருப்பு. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு சீன ஊரைக் காலில் போட்டுக்கொண்டு நடப்போம். போகும்போது பெட்டியில் காய்ந்த மிளகாயும் மிளகாய்ச் சாஸ் பாட்டில்களும் நிரப்பித் தருவேன். ஒரு தடவை பாட்டில் உடைந்து சீருடைச் சட்டை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த சிப்பாய் பயந்துபோனானாம்.

அங்கே என்ன கஷ்டம் என்று அவர் சொல்ல மாட்டார். கேலியாகச் சொல்வதிலிருந்துதான் நாங்களாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு விடுமுறையில் அன்செல்மோ சாப்பிட வந்திருந்தார்.

"என்ன சீனாக்காரரே, இளைச்சுட்டீரு?"

"எடையைக் குறைக்கலேன்னா டாக்டர் கையெழுத்துப் போட மாட்டான்யா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எங்களை மாட்டுச் சந்தையில பாக்கற மாதிரி பாக்கறாங்க. பல்லு, கண்ணு, காது, குடல், எல்லாம்."

"வாலைத் தூக்கிப் பாக்கலையா?"

"அதுவும் பாப்பாங்க. கொலம்பியாக்காரன் ஒருத்தன் என்னோட சேர்ந்தான். சின்ன வயசில காதுல ஆபரேஷன் பண்ணின தழும்பு. டாக்டர் காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்தார், 'கத்தி பட்ட காது வேண்டாம்'னாரு. அன்னிக்கே திரும்பிப் போக டிக்கெட். வந்தவன் பெட்டியைக்கூடப் பிரிக்கல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ரெனாட்டா கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று. பைலட் ஆவேன் என்பது அவளுக்கு ஆசையாகக்கூட இருக்கவில்லை. மணி அடித்தால் பள்ளிக்கூடம் விடும் என்பதுபோல அது நடக்கப் போகிற ஒன்று. கூரைக்கு மேலே சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்க்காமலே எந்த விமானம் என்று சொல்வாள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருக்கும்.

அடுத்த வருஷம், துவைக்கும்போது அவளுடைய தலையணை உறையில் ஒரு வாடை அடிப்பதைக் கவனித்தேன். கெட்டுப்போன முட்டையின் வாடை. இடது காது படுகிற இடத்தில் மஞ்சளாகக் கறை. மருந்துக்கடையை ஒட்டி உட்கார்ந்திருக்கும் டாக்டரிடம் கூட்டிப் போனேன். சொட்டு மருந்து கொடுத்தார். வாடை நின்று மறுபடி வந்தது. பிறகு அக்கா காது டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

"காதுக்குள்ள தோல் மாதிரி ஒன்னு வளருது" என்றார் அவர். "அது சும்மா வளரல. பக்கத்தில இருக்கிற எலும்பைத் தின்னுக்கிட்டே வளருது. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். பயப்பட வேண்டாம். ஆனா தள்ளிப் போடாதீங்க. தள்ளினா கேக்கற சக்தி போயிடும்."

வீட்டுக்கு வந்து அக்கா சீனாவுக்குப் போன் செய்தாள். சமையலறையில் நானும் இருந்தேன். அத்தானின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது.

"அவசரப்பட்டு யார்கிட்டயும் கத்தியைக் குடுத்துடாதே. நம்ம பழைய கம்பெனி டாக்டரைக் கேட்டு நல்ல ஆளாப் பாக்கறேன். அதுவரைக்கும் நீ ஒன்னும் பண்ணாதே, சரியா? இது என் கையில."

"உன் கையில" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டு, "அப்பாடா" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அத்தான் சொன்னபடியே செய்தார். சால்திவார் என்ற ஒரு டாக்டரைக் கண்டுபிடித்துப் பேசி ஏற்பாடு செய்துவிட்டு, ஒரு நாள் காலையில் வீட்டுக்குப் போன் செய்தார். எங்களுக்குக் காலை, அவருக்கு இரவு. அன்று நாலு தடவை விமானத்தை ஏற்றி இறக்கிவிட்டு ஓட்டல் அறைக்கு வந்திருந்தார். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையில் போனை எடுத்தது ரெனாட்டா. அந்த வயதில் அவள் குரல் அச்சு அசல் அக்காவின் குரலாகிவிட்டிருந்தது. எனக்கே பக்கத்து அறையிலிருந்து கேட்டால் வித்தியாசம் தெரியாது.

என்ன நடந்தது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் "நொயெமி?" என்றார். அவள் "ம்" என்றாள். அவர் டாக்டரின் பெயர், போன் நம்பர், ஸ்கேன், ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது எல்லாவற்றையும் சொன்னார். "நான் பேச வேண்டியதைப் பேசிட்டேன். இனிமே கூட்டிப் போறது, நாள் குறிக்கறது எல்லாம் உன் கையில" என்றார்.

"என் கையில" என்றாள் ரெனாட்டா.

பதில் காதில் விழுந்தது. அவர் விட்டுவிட்டார்.

குளியலறையிலிருந்து அக்கா "யாருடி போன்ல?" என்று கேட்டாள். "அப்பாதான். சும்மா விசாரிச்சார்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு பொய் சொல்வது அவளுக்குக் கஷ்டமாகவே இருக்கவில்லை. ஏனென்றால் அந்த வருஷம் அக்காவும் அத்தானும் ஒருவரோடு ஒருவர் பேசுவதே அபூர்வமாகிவிட்டிருந்தது. அவள் வேலைக்குப் போகும் நேரம் அவர் தூங்குவார். அவர் எழும் நேரம் அவள் கால் வலியோடு படுத்திருப்பாள். பேசினால் சண்டை வரும் என்று இரண்டு பேருக்கும் பயம். "அப்பாகிட்ட சொல்லு", "அம்மாகிட்ட சொல்லு" என்று எல்லாச் செய்தியும் ரெனாட்டா வழியாகத்தான் போய்வந்தது. அப்பாவிடம், ஸ்கேன் எடுத்தாயிற்று, மருந்து போட்டுப் பார்த்துவிட்டு நாள் சொல்வார்களாம் என்றாள். அம்மாவிடம், அப்பா பார்த்த டாக்டர் வெளிநாடு போயிருக்கிறாராம், அதுவரை சொட்டு மருந்து போதுமாம் என்றாள்.

மறுபடி வாடை வந்தது. பிறகு நின்றது. அவள் தலையணை உறையைத் தானே துவைக்க ஆரம்பித்திருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் அவள் இடம் மாறி உட்கார்ந்தாள், எல்லோரும் வலது பக்கம் இருக்கும்படியாக. போனை வலது காதில் வைத்தாள். மேலே விமானம் போனால் தலையைத் தூக்கித் தெருப்பக்கம் பார்த்தாள், விமானம் கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, இடது பக்கமாக் கூப்பிட்டா ரெனாட்டா திரும்பறதில்ல" என்றேன்.

அக்கா முகத்திலிருந்து அன்றைய பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அது அவர் கையில இருக்கு, தூலி. என்னை ஒன்னும் பண்ணாதேன்னுட்டாரு. நான் ஏதாவது பண்ணினா, ஏன் பண்ணினேன்னு ஆரம்பிப்பாரு." பிறகு அறைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ரெனாட்டா, அப்பாகிட்ட பேசறப்ப காதைப் பத்தி என்னன்னு கேட்டுச் சொல்லு."

"சரிம்மா."

அந்த வருஷம் நடுவில் வர வேண்டிய விடுமுறைக்கு அத்தான் வரவில்லை. மகளின் பதினைந்தாவது பிறந்தநாளுக்கு நீண்ட நாள் வந்து தங்க வேண்டும் என்று விடுமுறைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பெண்ணுக்குப் பதினைந்து வயதாவதை மண்டபம் பிடித்துக் கல்யாணம்போலக் கொண்டாடுவார்கள். விழாவில் அவளோடு வால்ஸ் நடனம் ஆட வேண்டும் என்று ஓட்டல் அறையில் தனியாகப் பழகினாராம். தலையணையைப் பிடித்துக்கொண்டு ஆடினேன், தலையணைதான் என் காலை மிதித்தது என்று அன்செல்மோவுக்கு எழுதியிருந்தார்.

பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால் வந்துசேர்ந்தார். மறுநாள் காலை எல்லோரும் சமையலறையில் இருந்தோம். நான் சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அன்று வேலை இல்லை. புதுச் செருப்புகளைக் காலில் மாட்டிப் பார்த்து, "எல்லாம் ஒரே அளவு. சீனாவில எல்லாருக்கும் ஒரே காலா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரெனாட்டா மேசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் லவங்கப்பட்டை போட்ட காபியை ஒரு கோப்பையில் ஊற்றி, அவளுக்கு இடது பக்கமாகப் போய் நீட்டினார்.

"உன் கையில."

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கையில" என்றார் மறுபடி.

"மகாராணி, கேப்டன் காத்துக்கிட்டிருக்கார்" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

அம்மாவின் குரல் கேட்டு ரெனாட்டா தலையைத் தூக்கினாள். வலது பக்கம் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அத்தான் சிரிக்கவில்லை. கோப்பையைப் பிடித்தபடியே நாற்காலியைச் சுற்றி மறுபக்கம் வந்தார். சின்னக் குரலில், எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "உன் கையில" என்றார்.

"என் கையில" என்று உடனே வாங்கிக்கொண்டாள்.

அவர் மெதுவாக அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆபரேஷன் எந்தத் தேதி?"

"என்னைக் கேட்டா? நீதானே டாக்டரோட பேசிக்கிட்டிருக்கே."

"நான் அப்பவே பேசி முடிச்சுட்டேன். உன் கையில குடுத்தேன்."

"எப்போ குடுத்தே?"

"போன்ல. நீ 'என் கையில'ன்னு சொன்னே, நொயெமி. நான் காதால கேட்டேன்."

"நான் சொல்லல. நீதான் ஒன்னும் பண்ணாதேன்னு சொன்னே. நான் ஒன்னும் பண்ணாமத்தான் இருக்கேன்." அக்காவின் குரல் உயர்ந்தது. "எனக்கு என்ன பைத்தியமா? சொல்லிட்டு, சொல்லலேன்னு சொல்வேனா?"

"அப்ப யார் சொன்னது?"

ரொட்டி கருகுகிற வாடை வந்தது. நான் அடுப்பை அணைத்தேன்.

"நான்தான்" என்றாள் ரெனாட்டா. கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான்தான் அம்மா மாதிரி பேசினேன்."

அத்தான் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏம்மா?"

"கத்தி பட்ட காதை வேண்டாம்பாங்க. நீதானேப்பா சொன்னே."

"நான் எப்போ சொன்னேன்?"

அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. ஞானத்தகப்பன் சாப்பிட வந்த அன்று, கொலம்பியாக்காரன், பெட்டியைப் பிரிக்காமல் திரும்பிப் போனான் என்று அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "மருந்திலேயே சரியாயிடும்னு நினைச்சேன்" என்றாள் கடைசியில். அக்கா எழுந்துபோய் மகளைக் கட்டிக்கொண்டு, முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு அடித்த இடத்தைத் தடவிக்கொண்டே அழுதாள்.

பிறந்தநாள் விழா நடக்கவில்லை. மண்டபத்துக்குச் சொல்லி நிறுத்தினோம். ரெனாட்டாவின் நீல கவுன் உறையோடு அலமாரியில் தொங்கியது. அந்த வாரமே சால்திவார் டாக்டரிடம் போய், அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. நீண்ட ஆபரேஷன். அன்செல்மோ டாக்ஸியை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ வந்து கதவைத் திறந்து "விமான நிலையம் போகணும்" என்றதற்கு, "இன்னிக்கு விமானம் கிடையாது" என்றாராம்.

முடிந்ததும் டாக்டர் அறைக்கே வந்து சொன்னார்.

"உள்ள இருந்ததைச் சுத்தமா எடுத்துட்டோம். உயிருக்கு ஆபத்தில்ல, முகத்து நரம்பும் தப்பிச்சது. ஆனா குட்டி எலும்பு ஒன்னும் மிச்சமில்ல, உள்காது வரைக்கும் போயிருக்கு. இந்தக் காது இனிமே கேக்காது."

அத்தான் தலையை ஆட்டினார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்பவர்போலக் கேட்டார். "ஆரம்பத்திலேயே வந்திருந்தா?"

"முதல்ல சொன்னப்பவே வந்திருந்தா நிறையக் காப்பாத்தியிருக்கலாம்."

"பறக்கறதுக்கு?"

"சீனாக்காரங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. இங்க என்கிட்ட காது ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ரெண்டு பேர் இன்னிக்கும் விமானம் ஓட்டறாங்க."

கட்டுப் போட்ட தலையோடு படுத்திருந்த ரெனாட்டா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தோம். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தலையணையில் இறங்கியது. நல்ல காது எங்கள் பக்கம் இருந்தது.

அத்தான் விடுமுறை முடிந்தும் போகவில்லை. கட்டுப் பிரிக்கும்வரை, தலைசுற்றல் நிற்கும்வரை அவளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார். ஒரு காது போனால் முதலில் நடைகூடத் தள்ளாடுமாம். கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு இரண்டு பேரும் சுவரிலிருந்து சுவர்வரை நடப்பார்கள். ஒரு நாள் நடந்துகொண்டே, "வால்ஸ் ஆடலாமா?" என்றார். "பாட்டு இல்லாமலா?" என்றாள் அவள். இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். அவளுக்குத் தலை சுற்றியது. உட்கார்ந்துவிட்டாள்.

சீனக் கம்பெனி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அன்செல்மோவின் டாக்ஸியை மாற்றி மாற்றி ஓட்டினார். "கேப்டன், நீ வளைவில ரொம்ப ஜாக்கிரதையாத் திருப்பறே, பின்னாடி இருக்கறவன் தூங்கிடறான்" என்பார் அன்செல்மோ. அக்கா அந்த நாட்களில்தான் அவரோடு நேரே பேச ஆரம்பித்தாள். ஆபரேஷன் கணக்கு, காதுக்கு அடுத்த பரிசோதனை, குழாயில் தண்ணீர் ஒழுகுவது எல்லாவற்றையும் நேரே பேசினார்கள். தப்பு யாருடையது என்பதை மட்டும் பேசவில்லை. இரண்டு பேரும் அந்தப் பேச்சைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன், ஈரத் தரையைச் சுற்றி நடப்பதுபோல.

பிறகு வியட்நாமிலிருந்து வேலை வந்தது. கிளம்பும் நாள், வழக்கம்போல வாசலில் நின்றார். சாவியை எடுத்தார். அக்கா கையை நீட்டினாள். ரெனாட்டா கதவோரம் நின்றாள், வலது பக்கம் எங்களைப் பார்த்திருக்கும்படியாக. அத்தான் வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை. சாவியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே திரும்பி வந்து மேசைமேல் வைத்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அக்காவின் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. ரெனாட்டாவுக்குப் பத்தொன்பது வயது. கணக்கியல் படிக்கிறாள். விமானப் பள்ளிக்கு அவள் விண்ணப்பிக்கவே இல்லை. மேலே சத்தம் கேட்டால் எந்த விமானம் என்று இப்போதும் சரியாகச் சொல்கிறாள், எந்தப் பக்கம் போகிறது என்றுதான் தெரியாது. அவளோடு தெருவில் நடக்கும்போது நான் இடது பக்கம் நடக்கிறேன், வண்டி வந்தால் இழுத்துக்கொள்வதற்கு. அக்கா இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறாள். அத்தான் இன்னும் வியட்நாமில்தான் இருக்கிறார். தினம் காலையில் அக்காவோடு பேசுகிறார், படத்தோடு, முகத்தைப் பார்த்து. 'ஒரு வருஷம்தான்' என்று இப்போது சொல்வதில்லை. வருஷத்துக்கு மூன்று தடவை வருகிறார், செருப்புகளோடு. வந்தால் காபி ஊற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறார். அவரவர் கோப்பையை அவரவர் எடுத்துக்கொள்கிறோம்.